துணியில் எழுதிய பூவும் தென்பாண்டி நாடும்

முன்னுரை

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இரண்டு ஊர்கள் அணித்தணித்தே அமைந்துள்ளன. ஒன்று, பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய திருவில்லிபுத்தூர். மற்றொன்று, பருத்தி ஆலைகளாற் பெயர்பெற்ற இராசபாளையம். முன்னதிற் பூத்தொடுத்தல் திருத்தொண்டாகப் போற்றப்படுகின்றது. ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசித் திருவிழாவின்போது திருமலைக்குச் செல்லும் வழக்கம் யாவரும் அறிந்தது. பின்னதில் நூல் நூற்றல் பெருந்தொழில். பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936-ஆம் ஆண்டில் இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தபின் இவ்வட்டாரத்தின் பருத்தித் தொழில் புதிய உரம் பெற்றது. அணித்தேயுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கு வேண்டும் கட்டுத்துணி நெய்யப்படுகின்றது. தளவாய்புரத்திற் பூப்போட்ட துணிகளைக் கொண்டு மகளிர் ஆடைகள் தைக்கப்படுகின்றன.

இவ்வாறு பூவும் பருத்தியும் ஒருங்கே சிறந்த வட்டாரம் இது. எனினும், துணியிற் கையாற் செடியும் பூவும் எழுதும் கலைக்குப் புகழ்வாய்ந்த ஊர்களை எண்ணுமிடத்து, இவ்விரு ஊர்களின் பெயரும் எழுவதில்லை. மசூலிப்பட்டினம், காளத்தி, புதுச்சேரி, நாகப்பட்டினம், கோடாலிக்கருப்பூர், சிக்கநாயக்கன்பேட்டை எனக் கடற்கரையையும் காவிரிக் கரையையும் ஒட்டிய ஊர்களையே அறிஞர் குறிப்பர். அங்ஙனமாயின், இக்கலையின் வரலாற்றில் தென்பாண்டி நாட்டுக்குப் பங்கில்லை எனக் கொள்ளலாமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விடை, எச்செடியைப் பற்றி நாம் வினவுகின்றோம் என்பதைப் பொறுத்தது. எழுதிய துணியில் இருவகைச் செடிகள் உள்ளன. ஒன்று துணியின்மேற் கண்ணுக்குத் தோன்றுவது, அது வடிவம். மற்றொன்று துணியின் இழைக்குள் நிறமாய் நிற்பது. அது வேரும் காயும் இலையும். முதற்செடியின் வரலாறு விரிவாக எழுதப்பெற்றுள்ளது. இரண்டாஞ்செடியின் வரலாறு அத்துணை விரிவாக எழுதப்பெறவில்லை. தமிழகத்தின் பங்கு, சிறப்பாகத் தென்பாண்டி நாட்டின் பங்கு, இரண்டாஞ்செடியிலேயே பெரிதும் அடங்கியுள்ளது என்பதே யாம் ஈண்டு நிறுவக் கருதுவது.

சொற்சான்றும் அதன் எல்லையும்

தமிழாய்வாளர் பலரும் இவ்வகை ஆராய்ச்சியைச் சொற்களினின்று தொடங்குவர். அது முறையே. எனினும் சொற்சான்று எதனை மெய்ப்பிக்கும், எதனை மெய்ப்பிக்காது என வரையறுத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

சங்கச் செய்யுட்களில் ஆடை பலவிடத்தும் 'பூ' என்னும் அடைபெற்று வருகின்றது. பூங்கலிங்கம், பூந்துகில் போன்ற தொடர்கள் பயின்று வருவன. இவற்றிற்குப் பூத்தொழிலையுடைய ஆடை என உரை விரித்தல் உரையாசிரியர் மரபு. இதனைக் கொண்டு, சங்க காலத்திலேயே பூ அச்சிட்ட துணி இருந்தது என்று துணிவோர் உளர். இம்முடிவு விரைந்த முடிவு. ஆடையிற் பூத் தோன்றுதற்கு வழிகள் பல. நெய்யும்போதே இழைமாற்றிப் பூ நெய்யலாம். நெய்த துணியின்மேல் ஊசியாற் பூத் தைக்கலாம். வண்ணக் குழம்பு கொண்டு மேற்பூச்சாகத் தீட்டலாம். சாயம் இழைக்குள் ஊன்றுமாறு எழுதலாம் அல்லது கட்டை அச்சினாற் பதிக்கலாம். 'பூத்தொழில்' என்னும் சொல் இவையனைத்திற்கும் பொது. அன்றியும், 'பூ' என்பதற்குப் பொலிவு என்னும் பொருளும் உண்டாதலின், மலர்வடிவமே இல்லாத மெல்லாடையும் பூந்துகில் எனப் பெயர்பெறுதல் கூடும்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஓவிய விதானம் கூறப்படுகின்றது. எழுதப்பட்ட மேற்கட்டித் துணி பழந்தமிழகத்தில் இருந்தது என்பதற்கு இது நற்சான்று. ஆயின் அவ்வோவியம் மேற்பூச்சா, ஊன்றிய சாயமா என்பதனை அச்சொல் விளக்காது. அதே காப்பியத்தின் உரையில் அடியார்க்குநல்லார் துகில்வகைகளை நிரல்பட எண்ணுமிடத்துச் சித்திரக்கம்மி, பொன்னெழுத்து, கோங்கலர், பச்சிலை முதலிய பெயர்களைத் தருகின்றார். சித்திரமும் எழுத்தும் அலரும் இலையும் துகிலுக்குப் பெயராயினமை கருதத்தக்கது. ஆனால் பெயர் ஒன்றே செய்முறையை அறிவிப்பதன்று. கோங்கலர் என்பது கோங்கம்பூவின் வடிவத்தாலும் வந்திருக்கலாம். அப்பூவின் நிறத்தாலும் வந்திருக்கலாம்.

ஆகவே, இலக்கியத்திற் பூவின் பெயரைத் தேடுவது ஒருபுறம் இருக்க, தொழிலாளர் வழக்கில் உள்ள வினைச்சொற்களை நோக்குதல் பெரும்பயன் தரும். சேலையிற் 'பூ எழுதுதல்' என்னும் வழக்கு, கண்ணுக்கு மை எழுதுதல், மார்பில் தொய்யில் எழுதுதல் என்னும் பழவழக்கோடு ஒத்தது. ஈண்டு எழுத்து என்பது ஓவியமே. 'சாயம் பிடித்தல்' என்பது மற்றொரு வழக்கு. துணி சாயத்தைப் பிடித்துக்கொள்கின்றது என்பது இதன் பொருள். பிடிக்காத சாயம் 'வெளுத்துப் போகும்'. பொய் வெளிப்பட்ட ஒருவனைச் சாயம் வெளுத்தவன் எனக் கூறும் உலகவழக்கும் இத்தொழிலினின்று பிறந்ததே. பிடித்தல், வெளுத்தல் என்னும் இவ்விரு வினைகளுமே எழுதுதுணியின் வரலாற்றைத் திறக்கும் திறவுகோல்கள்.

தொழிலின் இயல்பு

துணியிற் பூ அச்சிடுதல் என்றவுடன், கட்டையில் நிறத்தைத் தோய்த்துத் துணியில் ஒற்றுதல் என்றே பலரும் எண்ணுவர். சோழமண்டலக் கரையின் பழைய முறை அத்தகையதன்று. அங்கே எழுதுகோலாலும் அச்சுக்கட்டையாலும் துணியில் இடப்படுவது நிறமன்று. நிறத்தைப் பிடித்து நிறுத்தும் பொருளே. இக்காலக் கலைச்சொல்லால் அதனை நிறமூன்றி என்பர். ஐரோப்பியர் அதனைக் 'கடிப்பது' எனப் பொருள்படும் சொல்லால் வழங்குவர். தமிழர் துணியின்மேல் வைத்துப் 'பிடிப்பது' என்றனர். கருத்து ஒன்றே.

செய்முறை வருமாறு. நெய்த பருத்தித்துணியை முதலில் ஓரளவு வெளுப்பர். பின்னர்க் கடுக்காயை அரைத்து எருமைப்பாலிற் கலந்து, அதில் துணியை ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துவர். கடுக்காயின் துவர்ப்பு இழையிற் சேரும். பாலின் கொழுப்பு, பின்னர் எழுதப்படும் நீர்மம் கசிந்து பரவாமற் காக்கும். உலர்ந்த துணியை மரத்தின்மேல் இட்டுக் கொட்டி மழமழப்பாக்குவர். வடிவம் வரைந்த தாளில் ஊசியாற் புள்ளி குத்தி, அதன்மேற் கரித்தூளை ஒற்ற, வடிவம் துணியில் இறங்கும்.

கரிய கோடு எழுதுதற்குப் புளித்த கஞ்சியில் இரும்பை ஊறவைத்துப் பெற்ற காடி பயன்படும். அக்காடி கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்த அளவிலேயே கருமை தோன்றும். சிவப்புக்குரிய இடங்களிற் படிகார நீரை எழுதுவர். படிகார நீருக்கு நிறமின்மையால், எழுதிய இடம் தெரிதற்பொருட்டுப் பதிமுகத்தின் சாறு சிறிது சேர்ப்பர். அதன்பின் துணியைச் சாயவேரின் நீரிலிட்டுக் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடம் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். படாத இடத்தில் ஏறிய மங்கல் நிறம், சாணமும் ஆட்டுப்புழுக்கையும் கலந்த நீரில் ஊறவைத்து வெயிலிற் பலகால் வெளுக்க நீங்கிவிடும். படிகாரமும் இரும்புக் காடியும் கலந்து எழுதிய இடம் கருஞ்சிவப்பாகும். நீலம் வேண்டின், நீலம் ஏறத்தகாத இடமெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் தோய்ப்பர். பச்சை வேண்டின், நீலத்தின்மேல் மஞ்சட்சாயம் எழுதுவர்.

இம்முறையை நோக்கின் ஓருண்மை விளங்கும். எழுதுவோன் எழுதும்போது தான் எழுதும் பூவின் நிறத்தைக் காண்பதில்லை. பூ மலர்வது சாயத்தொட்டியிலேயாம். எழுதியவன் கை எத்துணைத் தேர்ந்ததாயினும், வேரும் நீரும் வெயிலும் பொருந்தாவிடின் பூ மலராது. ஆகவே எழுதுதுணி என்பது எழுதுவோன் ஒருவனின் படைப்பன்று. வேர் அகழ்வோர், கடுக்காய் திரட்டுவோர், நெசவாளர், வண்ணார், சாயக்காரர் ஆகிய பலர் கூடி இயற்றிய தொழில் அது.

அகழ்வாய்வுச் சான்று

நிறமூன்றி கொண்டு பருத்திக்குச் சிவப்பேற்றும் அறிவு இந்நிலப்பரப்பில் மிகப் பழையது. மொகஞ்சதாரோவில் வெள்ளிக் கலமொன்றில் ஒட்டிக்கொண்டிருந்த பருத்தித்துணித் துணுக்கிற் சிவப்புச் சாயம் காணப்பட்டது. செங்கடற் கரையிலுள்ள பெரெனிகே என்னும் பழந்துறைமுகத்தில், மெழுகு முதலியவற்றால் மறைத்துச் சாயமேற்றிய இந்தியப் பருத்தித்துணுக்குகள் கிடைத்துள்ளன. அவை உரோமர் வாணிகக் காலத்தவை.

தமிழகத்தில் அரிக்கமேட்டை 1945-ஆம் ஆண்டில் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், ஆங்குக் கண்ட செங்கல் தொட்டிகளைச் சாயத்தொட்டிகள் எனக் கருதினார். பின்வந்த ஆய்வாளர் அக்கருத்தை ஐயுற்றனர். உறையூரிற் சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1965 முதல் 1969 வரை நடத்திய அகழ்வாய்விலும் சாயத்தொட்டி எனக் கருதத்தக்க கட்டடம் வெளிப்பட்டது. உறையூர்த் துகில் செங்கடற் பெரிபுளூசிற் குறிக்கப்படுவதாதலின், அவ்வூரிற் சாயத்தொழில் இருந்தமை வியப்பன்று.

ஆயினும் ஒன்று நினைவிற்கொள்ளத்தக்கது. தொட்டி இருந்தமை தோய்த்தலை மெய்ப்பிக்குமேயன்றி எழுதுதலை மெய்ப்பிக்காது. அன்றியும், துணியில் நிறமற்ற பொருள்களை எழுதி ஒரே கொப்பரையில் தோய்த்துப் பல நிறம் பெறும் முறையை எகிப்தில் வழங்கியதாகக் கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி குறித்துள்ளார். எனவே இம்முறை தமிழரால் மட்டுமே கண்டுபிடிக்கப்பட்டது எனச் சாதித்தல் தகாது. பருத்தியின்மேல் இதனை உலகம் வியக்குமளவு வளர்த்த பெருமை சோழமண்டலக் கரைக்கு உரியது என்பதே சான்றுகளோடு பொருந்தும் கூற்று.

தோன்றும் செடி

இனித் துணியின்மேல் தோன்றும் செடியை நோக்குவோம். கி.பி. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இக்கரையினின்று ஐரோப்பாவுக்குச் சென்ற பெருந்துணிகளில், பாறைமேல் வேரூன்றி வளைந்தெழுந்து, ஒரே கிளையிற் பலவகைப் பூக்களைத் தாங்கும் மரமொன்று எழுதப்பட்டிருக்கும். இதனைப் பலர் இந்திய மரபின் கற்பகத்தரு எனக் கொண்டனர். துணி வரலாற்றறிஞர் ஜான் இர்வின் போன்றோர் ஆராய்ந்து, இவ்வடிவம் பாரசீகம், சீனம், ஐரோப்பா, இந்தியா என்னும் பல மரபுகளும் கலந்து, வாங்குவோர் விருப்பத்திற்கேற்ப உருவாகியது எனக் காட்டினர். 1643-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார், செம்புலத்தை விடுத்து வெண்புலத்திற் பூவும் கிளையும் எழுதிய துணிகளை அனுப்புமாறு சூரத்திலிருந்த தம் முகவர்க்கு எழுதினர். பின்னர் வடிவத்தாள்களே கப்பலில் வந்தன.

கீழ்த்திசை வாணிகத்திலும் இதுவே நிலை. சயாம் அரசவைக்கு எழுதப்பட்ட துணியில் அந்நாட்டு வடிவங்கள் அமைந்தன. சாவகம் முதலிய தீவுகளுக்குச் சென்றவற்றில் அத்தீவினர் விரும்பிய கரையும் கட்டமும் அமைந்தன. ஆகவே தோன்றும் செடி பெரும்பாலும் நம் தோட்டத்துச் செடியன்று. எழுதுவோன் தான் ஒருகாலும் காணாத பூக்களையும் கேட்டபடி எழுதினான். வடிவத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்ளின், தமிழ்நாட்டுத் தொழிலாளியைப் பிறர் வரைந்ததைப் படியெடுத்தவன் என்றே வரலாறு மதிப்பிடும். அம்மதிப்பீடு குறையுடையது என்பதனை ஐரோப்பியர் செயலே காட்டுகின்றது.

ஐரோப்பியர் வடிவத்தை அறிவர், அவர்களே அனுப்பியதன்றோ! அவர்கள் அறியாதது, துவைக்கத் துவைக்க ஒளிகூடும் சாயத்தின் மறையே. நெசவாளர் நலம் கருதிப் பிரான்சு 1686-ஆம் ஆண்டில் இத்துணியைத் தடைசெய்தது. 1759 வரை அத்தடை நீடித்தது. இங்கிலாந்து 1700, 1721 ஆகிய ஆண்டுகளிற் சட்டம் இயற்றியது. அதன் கடுமை 1774-இல் தளர்ந்தது. தடையிருந்த காலத்தே மறையை அறியும் முயற்சியும் நடந்தது. பியூலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் 1734-ஐ ஒட்டிய காலத்திற் புதுச்சேரியில் ஓர் எழுதுதுணி உருவாவதைப் படிப்படியாகக் கண்டு எழுதி, ஒவ்வொரு படிக்கும் துணித்துண்டு ஒன்றை இணைத்தார். அக்கையெழுத்துச் சுவடி இன்றும் பாரிசில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. இயேசு சபைத் துறவி கேர்தூ 1742-ஆம் ஆண்டில், சாயத்தொழிலாளரிடம் கேட்டறிந்த முறையைக் கடிதமாக எழுதினார். அஃது அச்சிலும் வந்தது. வடமொழிக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை முன்னரே சுட்டியவர் என மொழிநூலார் போற்றும் கேர்தூ இவரே.

இவ்விருவரும் பூவின் வடிவத்தை விவரிக்கப் பெரிதும் முயன்றிலர். கடுக்காய் எத்துணை, பால் எத்துணை, வேர் எவ்விடத்தது, நீர் எத்தன்மையது என்பவற்றையே துருவித் துருவிக் கேட்டனர். அவர்தம் வினாக்களே இக்கலையின் உயிர்நிலை எது என்பதனை உணர்த்தும்.

உள்நிற்கும் செடி

இழைக்குள் நிற்கும் செடிகளில் தலையாயது சாயவேர். இம்பூறல் என்றும் இதனை வழங்குவர். தரையோடு படரும் சிறு செடி இது. சித்த மருத்துவத்தில் இரத்தம் கக்கும் நோய்க்கு இதனைப் பயன்படுத்துவர். இதன் வேர்ப்பட்டையிலேயே சிவப்பு உள்ளது. வில்லியம் ராக்ஸ்பரோ 1795-இல் வெளியிட்ட சோழமண்டலக் கரைச் செடிகள் பற்றிய நூலின் முதல் தொகுதியில் இதற்கு இடமளித்துள்ளார். பயிரிட்ட வேரினும் தானே விளைந்த காட்டுவேரே சாயம் மிகுதியாக உடையது என்பது தொழிலாளர் துணிபு.

இவ்வேர் செழித்த இடங்கள் யாவை? கடற்கரை மணற்பாங்கே இதற்கு உகந்தது. சோழமண்டலக் கரையோடு, இராமேசுவரத் தீவும், எதிர்க்கரையில் மன்னாரும் யாழ்ப்பாணப் பகுதியும் வேருக்குப் பெயர்பெற்றவை. 1658-ஆம் ஆண்டில் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் கைக்கொண்ட ஒல்லாந்தர், ஈழக்கரையில் வேர் அகழ்தலைத் தம் வருவாய்த்துறையாக நடத்தினர். வேர் அகழ்தலையே குலத்தொழிலாகக் கொண்டோர் ஆங்கு இருந்தனர். பாக்கு நீரிணையின் இருபுறத்தும் பரவிய ஒரு தொழிலுலகம் இஃது என்க.

சங்கும் சிப்பியும் பொடிந்த மணலிற் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வேதியியலார் கூற்றுப்படி, படிகாரமும் இவ்வகைச் செந்நிறமும் இழையில் உறுதியாக ஊன்றுதற்குச் சுண்ணாம்புச் சத்தும் துணைசெய்யும். இன்ன கிணற்று நீரில்தான் சிவப்பு மலரும் எனச் சாயக்காரர் கூறியதனை வெற்று நம்பிக்கை எனத் தள்ளுதல் கூடாது. மதுரைச் சாயக்காரர் வைகை நீரைப் போற்றியதும் இவ்வகையிலேயே கருதத்தக்கது.

கடற்கரையினின்று உள்நாட்டிற்கு வரின், மஞ்சணத்தி எனத் தென்பாண்டி மக்கள் வழங்கும் நுணாமரம் காணப்படும். கரிசற்காட்டு வரப்புகளில் தானே முளைத்து நிற்கும் இம்மரத்தின் வேரும் சாயத்திற்குப் பயன்பட்டது. படிகாரம் ஊன்றிய பருத்தி இதனாற் சிவப்புப் பெறும். திருவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் மேற்கே நிற்கும் மலைத்தொடர் கடுக்காய் விளையும் மலைத்தொடர். கிழக்கே விரிந்த கரிசல் நிலம் பருத்தியின் தாய்நிலம். உப்பம், கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தி வகைகள் இந்நிலத்திற்கு உரியன. இவ்வாறு பருத்தி, துவர்ப்பு, சிவப்பு என்னும் மூன்றும் மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இவ்வொரு நிலப்பரப்பிலேயே கிடைத்தன. நீலத்திற்குரிய அவுரியும் தென்னாட்டிற்குப் பழையதே.

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். மூலப்பொருள் விளைந்தமையால் ஒரு நிலம் கலைக்கு உரிமை கோருமோ? மரம் விளைந்த காட்டை யாழின் பிறப்பிடம் என்பார் உண்டோ? என வினவலாம். இத்தடை வலிமையுடையதே. எழுதும் கை தென்பாண்டியில் இருந்தது என யாம் கூறவில்லை. ஆயின் சாயவேர் வெறும் மூலப்பொருளன்று. எவ்வாண்டு வேரை அகழ்வது, எங்ஙனம் உலர்த்துவது, எத்துணைக் காலம் வைப்பது, எந்நீரிற் காய்ச்சுவது என்பன தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. அவ்வறிவு வழுவின் பூவில்லை. யாழுக்கு மரம் எத்தகையதோ, அத்தகையதன்று எழுதுதுணிக்கு வேர்; நரம்பின் இசையே அது.

மதுரைச் சௌராட்டிரர் முடிந்து சாயமேற்றும் சுங்குடிச்சேலையை ஈண்டு ஒப்புநோக்கலாம். அதில் எழுதுகோல் இல்லை. நூலால் இறுகக் கட்டிய புள்ளிகளே பூவாகின்றன. எனினும் சாயம் படவேண்டிய இடத்தையும் படத்தகாத இடத்தையும் முன்னரே வகுத்துவிட்டுத் தோய்த்தல் என்னும் நெறி இரண்டிற்கும் பொது. மெழுகு செய்வதனை ஆங்கு முடிச்சு செய்கின்றது. 2005-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற இச்சேலை, தென்பாண்டி நாடு சாயநெறியை நன்குணர்ந்திருந்தது என்பதற்குக் கண்கூடான சான்று.

கருப்பூர்ச் சேலை

இவ்விருவகைச் செடிகளும் ஒன்றிய இடம் கோடாலிக்கருப்பூர். தஞ்சை மராட்டிய மன்னர் ஆதரவில் அவ்வூரில் உருவான சேலையில், நெய்யும்போதே பொற்சரிகையால் வடிவம் இடப்பட்டது. பின்னர் மெழுகால் மறைத்தும் நிறமூன்றி எழுதியும் சாயம் ஏற்றப்பட்டது. பொன் சிவப்பின் ஊடே அடங்கி ஒளிரும். நெய்தலும் எழுதுதலும் தோய்த்தலும் ஒரே சேலையிற் கூடியமையின், பூத்தொழில் என்னும் பொதுச்சொல் ஏன் பொதுச்சொல்லாகவே நின்றது என்பதும் விளங்குகின்றது. தொழிலாளி அவற்றைப் பிரித்துக் காணவில்லை, நாமே பிரிக்கின்றோம்.

1855-இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண்மகவின்றி இறந்தபின் தஞ்சை அரசு முடிந்தது. வாங்குவோர் இன்றிச் சேலையும் மறைந்தது. எனினும் அக்கைவழி முற்றும் அறவில்லை. கோயில் விதானம், தொங்கல், தேரணி முதலியவற்றிற்கு எழுதும் பணியாக அது கருப்பூரிலும் சிக்கநாயக்கன்பேட்டையிலும் நிலைத்தது. கருப்பூர்க் கலம்காரி ஓவியத்திற்கு 2021-இற் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

வீழ்ச்சியின் காரணம்

எழுதுதுணியின் வீழ்ச்சிக்கு எந்திரமே காரணம் எனப் பொதுவாகக் கூறுவர். அது பாதியுண்மை. 1783-இல் தாமசு பெல் என்பார் உருளை அச்சு எந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வெந்திரம் கையின் வேகத்தை வென்றது. ஆயின் நெடுங்காலம் அதுவும் நிறமூன்றியையே துணியில் அச்சிட்டது. பின்னர் மஞ்சிட்டியினத்து வேரில் தோய்த்தே சிவப்பைப் பெற்றது. நம் நெறியையே இரும்புருளை செய்தது. தோன்றும் செடி எந்திரத்திற்கு மாறியபோதும் உள்நிற்கும் செடி வேராகவே இருந்தது.

உள்நிற்கும் செடியை வீழ்த்தியது 1869-ஆம் ஆண்டு. முந்திய ஆண்டில் கிரேபே, லீபர்மன் என்னும் செருமானிய வேதியியலார் வேரின் செந்நிறப் பொருளான அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். 1869-இல் அதன் ஆக்கமுறைக்குக் காப்புரிமைகள் பெறப்பட்டன. சில ஆண்டுகளில் அச்சாயம் தமிழகச் சந்தைக்கும் வந்தது. சாயவேரில் உள்ள பொருளும் அதுவேயாதலின் சிவப்பு குன்றவில்லை, விலையோ குறைந்தது. வேர் அகழ்தல் நின்றது. அதனோடு, எவ்வேர் எந்நீருக்கு என்னும் அறிவும் தேவையற்றதாயிற்று. சென்னைக் கலைப்பள்ளித் தலைவர் ஹாடவே 1917-இல் இம்மாகாணத்துத் துணியோவியத்தையும் அச்சையும் பற்றி நூல் எழுதியபோது, எஞ்சியிருந்ததனைப் பதிவு செய்யும் நிலையே இருந்தது.

தென்பாண்டி நாட்டைப் பொறுத்தவரை இதன் விளைவு தெளிவானது. அதன் பங்கு வேரிலும் காயிலும் பருத்தியிலும் இருந்தது. வேரும் காயும் சந்தையினின்று நீங்க, பருத்தி மட்டும் எஞ்சிற்று. கரிசற் பருத்தி தூத்துக்குடி வழியே கப்பலேறியது. 1885 முதல் ஹார்வி குழுமத்தாரின் ஆலைகள் தென்மாவட்டங்களில் எழுந்தன. அரை நூற்றாண்டு கழித்து இராசபாளையத்து ஆலை எழுந்தது. எந்நிலத்தில் நூலும் நிறமும் சேர்ந்திருந்தனவோ, அந்நிலம் வெள்ளை நூலுக்கே பெயர்பெற்றதாயிற்று. எழுதுதுணியின் வரலாற்றில் அதன் பெயர் எழாமைக்குக் காரணம் பங்கின்மையன்று. அதன் பங்கு எப்பொருளில் இருந்ததோ, அப்பொருளே வழக்கொழிந்தமையாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, இலக்கியத்தில் வரும் பூங்கலிங்கம் போன்ற தொடர்களை அச்சிட்ட துணிக்கு நேர்ச்சான்றாகக் கொள்ளுதல் கூடாது. அவை பூத்தொழில் பலவற்றிற்கும் பொதுவாயின. இரண்டாவது, சோழமண்டலத் துணியின் வடிவங்கள் வாங்குவோர் நாட்டைச் சார்ந்து மாறின. மாறாது நின்றது சாயநெறியே. ஆகலின் தமிழர் பங்கை வடிவத்திற் காண்பதினும் நெறியிற் காண்பதே தக்கது. மூன்றாவது, நெறியை அளவுகோலாகக் கொள்ளின், எழுதுவோர் வாழ்ந்த ஊர்களோடு, வேரும் கடுக்காயும் பருத்தியும் அவற்றைப் பற்றிய அறிவும் தந்த தென்பாண்டி நாடும் வரலாற்றில் இடம்பெறல் வேண்டும்.

இவ்வாய்வைத் தொடரக் கருதும் மாணவர்க்கு இரு பணிகள் காத்திருக்கின்றன. திருவில்லிபுத்தூர்க் கோயிலிலும் ஏனைத் தென்பாண்டிக் கோயில்களிலும் உள்ள நாயக்கர் காலத் தூண்சிற்பங்களின் ஆடைகளை நுணுகி நோக்கி, அவற்றிற் செதுக்கப்பட்டவை நெய்த வடிவங்களா, எழுதிய வடிவங்களா, முடிந்து தோய்த்த புள்ளிகளா எனப் பகுத்தல் ஒன்று. மதுரை, அருப்புக்கோட்டை, இராசபாளையம், இராமேசுவரம் ஆகிய வட்டாரங்களில் முதியோர் வாயில் எஞ்சியிருக்கும் சாயத்தொழிற் சொற்களையும், வேர், நீர், காரம் பற்றிய வழக்குகளையும் திரட்டுதல் மற்றொன்று. கல்லிற் செதுக்கிய ஆடை இன்னும் பல நூற்றாண்டு நிற்கும். முதல் பணி காத்திருக்கலாம். சொல்லோ, அதனைச் சொல்வாரோடு மறையும் இயல்பினது. இரண்டாம் பணி காத்திருத்தற்கு இயலாது.